வெற்றி இல்லாத ஓட்டுநருக்கும் கணக்கு உண்டு: எஃப்ஐஏவுக்கு ஒரு திறந்த மடல்

எஃப்ஐஏ (சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு) உலக மோட்டார் விளையாட்டு மன்றத்தின் உறுப்பினர்களுக்கும் ஃபார்முலா ஒன் ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஃபார்முலா ஒன் பந்தயங்களில் முதல் பத்து இடங்களுக்கு வழங்கப்படும் புள்ளிகளைப் பன்னிரண்டு இடங்கள்வரை நீட்டிக்கலாம் என்ற யோசனை 2024-இல் உங்கள் முன் வந்து, முடிவு எட்டப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது. அதை மீண்டும் எடுத்து நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடல். வெற்றிகளை மட்டும் எண்ணிச் சாம்பியனைத் தீர்மானித்தால் போதும் என்ற குரல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுவதால், அதற்கும் இங்கேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நான் முன்வைக்கும் சான்று, 2008-இல் பிஎம்டபிள்யூ சாபர் அணிக்காக நிக் ஹைட்ஃபெல்ட் ஓட்டிய சீசன்.

அந்த ஆண்டு நடந்த 18 பந்தயங்களில் ஒன்றில்கூட அவர் பாதியில் நிற்கவில்லை. மெல்போர்ன், மான்ட்ரியல், சில்வர்ஸ்டோன், ஸ்பா ஆகிய நான்கு தடங்களில் இரண்டாம் இடம் பெற்றார். மலேசியாவிலும் ஜெர்மனியிலும் பந்தயத்தின் அதிவேகச் சுற்று அவருடையது. 60 புள்ளிகளுடன் ஆண்டை ஆறாம் இடத்தில் முடித்தார். அவருக்கு ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்த ஃபெர்னான்டோ அலான்சோ, சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் வென்றவர். ஹங்கேரியில் வென்ற ஹெய்க்கி கோவலைனன், லூயிஸ் ஹேமில்டனைச் சாம்பியனாக்கிய அதே மெக்லாரன் அணியின் காரை ஓட்டியும் 53 புள்ளிகளுடன் அவருக்குப் பின்னால்தான் நின்றார்.

கனடாவில் ஹைட்ஃபெல்ட் வெற்றிக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்பதை நினைவுபடுத்த வேண்டும். எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் கார்கள் வந்து நிற்கும் பிட் பாதையின் முடிவில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த கிமி ராய்க்கோனனின் காரில் ஹேமில்டன் மோதி இருவரும் வெளியேறிய அந்தப் பந்தயத்தில், அதுவரை பிட்டுக்குள் வராமல் ஓடிக்கொண்டிருந்த ஹைட்ஃபெல்டுக்கு முன்னிலை கிடைத்தது. ஒரே நிறுத்தத்தோடு பந்தயத்தை முடிக்கும் திட்டம் அவருடையது. ஆகவே எரிபொருள் நிரம்பிய கனத்த காருடன் தடத்துக்குத் திரும்பினார். இன்னொரு நிறுத்தம் மீதமிருந்ததால் எடை குறைந்த காரில் வந்த சக ஓட்டுநர் ராபர்ட் குபிட்சா விரைவிலேயே அவரைக் கடந்து, அடுத்த நிறுத்தத்துக்குப் போதுமான இடைவெளியை உருவாக்கி வென்றார். அந்த அணி ஃபார்முலா ஒன்னில் பெற்ற ஒரே வெற்றி அதுதான். முதலிரண்டு இடங்களும் அணிக்கே கிடைத்ததில் ஹைட்ஃபெல்டின் பங்கு பெரிது. வெற்றிகளை எண்ணும் பட்டியலில் அதற்கு ஒரு மூலையும் இல்லை.

ஸ்பாவில் நடந்தது வேறு. கடைசிச் சுற்றுகளில் மழை தூறத் தொடங்கியபோது முன்னணியில் இருந்தவர்கள் உலர்தட டயர்களோடு வழுக்கிக்கொண்டிருக்க, இவர் துணிந்து பிட்டுக்குள் நுழைந்து ஈரத்தடத்துக்கான டயர்களை மாற்றினார். அதனால் இழந்த இடங்களை மீட்டு மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினார். ஹேமில்டனுக்குப் பின்னர் விதிக்கப்பட்ட 25 விநாடித் தண்டனையால் அது இரண்டாம் இடமானது. இப்படிப்பட்ட முடிவு அதிர்ஷ்டத்தில் சேராது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. அந்த ஆண்டு, புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில், வேகமான ஒற்றைச் சுற்று ஓடும்போது டயர்களைப் போதுமான வெப்பத்துக்குக் கொண்டுவர அவர் திணறினார். நடுவரிசையிலிருந்து புறப்பட்டு முன்னேறுவதிலேயே பல ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. அதே காரில் குபிட்சா 75 புள்ளிகள் எடுத்தார். அந்த வித்தியாசத்தையும் புள்ளிப்பட்டியல் நேர்மையாகவே காட்டுகிறது. என் வாதத்துக்கு அது போதும்.

இப்போது பதக்கக் கணக்குக்கு வருவோம். ஃபார்முலா ஒன்னின் வணிகத்தை நடத்திய பெர்னி எக்கிள்ஸ்டன் அப்போது முன்வைத்த தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற முறையில், அதாவது அதிகத் தங்கம் (வெற்றி) பெற்றவர் முன்னிற்கும்படி, 2008-ஐ அடுக்கினால், 60 புள்ளி பெற்ற ஹைட்ஃபெல்ட் எட்டாம் இடத்துக்கு இறங்க, மான்சாவின் ஒற்றை வெற்றியோடு மொத்தம் 35 புள்ளிகள் பெற்ற செபாஸ்டியன் வெட்டல் அவருக்கு மேலே ஏறுவார். 2009 மார்ச்சில் உங்கள் மன்றமே, அதிக வெற்றி பெற்றவரே சாம்பியன் என்று அறிவித்து, அணிகளின் எதிர்ப்புக்குப் பிறகு சில நாள்களில் பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லதாயிற்று. 1958-இல் நான்கு வெற்றிகள் பெற்ற ஸ்டர்லிங் மாஸை ஒரே வெற்றியோடு மைக் ஹாத்தார்ன் ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தியதைச் சிலர் இன்றும் அநீதி என்கிறார்கள். ஹாத்தார்ன் அந்த ஆண்டு ஐந்து முறை இரண்டாவதாக வந்ததை அவர்கள் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் எமிலியோ அல்சமோரா 1999-இல் ஒரு பந்தயமும் வெல்லாமலே 125 சிசி உலகப் பட்டத்தைப் பெற்றார். அதனால் அந்த விளையாட்டு சிறுத்துவிடவில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 2002 வரை முதல் மூன்று இடங்களுக்கு இருந்த 10, 6, 4 என்ற அளவில் அந்த ஆண்டின் முடிவுகளைப் பொருத்தினால் அலான்சோவுக்கு 43, ஹைட்ஃபெல்டுக்கு 38, கோவலைனனுக்கு 34 வருகிறது. 2010-இலிருந்து நடைமுறையில் உள்ள 25, 18, 15 என்ற அளவில் 154, 150, 136. இந்த இரண்டு அளவுகளிலும் மூவரின் வரிசை மாறவில்லை. ஆகவே முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை; குறை இருப்பது பட்டியலின் கீழ்ப்பகுதியில்.

2008-இல் எட்டு இடங்களுக்கே புள்ளி. மூன்று முறை ஒன்பதாவதாகவும் இரண்டு முறை பத்தாவதாகவும் வந்த ஹைட்ஃபெல்டுக்கு அந்த ஐந்து ஞாயிறுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைய அளவில் 8 புள்ளிகள் கிடைத்திருக்கும். அன்று கார்கள் அடிக்கடி பழுதாகி நின்றதால், பின்னால் இருந்தவர்களுக்கும் அவ்வப்போது வழி திறந்தது. இன்று பெரும்பாலான கார்கள் கடைசிவரை ஓடுகின்றன. கேடிலாக் அணியின் வருகையால் 2026-இல் கார்களின் எண்ணிக்கை 22 ஆகிறது. பாதிக்கும் மேற்பட்டோர் பழுதின்றி ஓடி முடித்தும் வெறுங்கையோடு திரும்பும் நிலை இது.

புள்ளியே இல்லாதவர்களைத் தரவரிசைப்படுத்த நீங்கள் வைத்திருக்கும் விதி, அவர்கள் பெற்ற சிறந்த ஒற்றை முடிவைப் பார்ப்பது. 2012-இல் சிங்கப்பூரில் டிமோ கிளாக் பெற்ற பன்னிரண்டாம் இடத்தால் அவருடைய மருசியா அணி, கேட்டர்ஹாம் அணிக்கு மேலே நின்றது. கடைசிப் பந்தயமான பிரேசிலில் கேட்டர்ஹாமின் விட்டாலி பெட்ரோவ் பதினொன்றாவதாக வந்ததும் அந்த வரிசை தலைகீழாயிற்று. பரிசுப் பணத்தோடு பிணைந்த பத்தாம் இடம் அப்படிக் கைமாறியது. ஓர் ஆண்டு முழுவதும் இரு அணிகளும் செய்த வேலை, ஒரு மழைநாள் மாலையில் அளக்கப்பட்டது.

ஆகவே என் வேண்டுகோள்கள் இரண்டு. முதல் ஏழு இடங்களின் புள்ளிகளைத் தொடாமல், எட்டாம் இடத்துக்கு 5 எனத் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்துப் பன்னிரண்டாம் இடத்துக்கு 1 வழங்குங்கள். அடுத்து, வெற்றிகளை முதன்மையாக்கும் திட்டம் எதுவும் இனி வாக்கெடுப்புக்கு வந்தால், அதன்படி கடந்த பத்து ஆண்டுகளின் முழுப் பட்டியலும் எப்படி மாறியிருக்கும் என்பதை, சாம்பியனின் பெயரோடு நிறுத்திவிடாமல் கடைசி இடம்வரை, வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஃபார்முலா ஒன் ரசிகன் ஒருவன்