காது கேட்டால்தானே பேச்சைக் கேட்க முடியும்

ஆசிரியருக்கு வணக்கம். ரங்கூனில் இருந்துகொண்டு உங்கள் பத்திரிகையை போனில் படிக்கிறவள் நான், கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து. போன வாரம் முதியோர் பகுதியில், வயதானவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு அடுத்தவர் சொல்வதைக் கேட்கப் பழகினால்தான் நாலு பேர் பக்கத்தில் உட்காருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல புத்திதான். ஆனால் காதே கேட்காதவர் எதைக் கேட்பார்?

என் அண்ணனுக்கு 75 வயது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவருடைய சேக்காளிகளில் பாதிப் பேர் கப்பலேறிப் போனார்கள், மிச்சம் இருந்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை, பிள்ளைகள் மலேசியாவில். காலையில் டீக்கடைதான் அவருக்கு ஒரே போக்கிடம். மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கேயும் ஆட்கள் நழுவ ஆரம்பித்தார்கள். காரணம் நீங்கள் எழுதியதேதான், அண்ணன் வாயை மூடுவதில்லை. அரிசி விலையில் ஆரம்பித்து அப்பாவின் கடைக் கணக்குக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போவார், நடுவில் யாரும் ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. வீம்பு, வயசுக் கோளாறு என்று நானே திட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் கோயிலில், "பார்த்து அண்ணே, படி இருக்கு" என்றேன். கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டி, "தடிதான் இருக்கே" என்றார். அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

டாக்டர் முதலில் காதுக் குரும்பியை எடுத்தார், கொஞ்சம் தேவலை ஆனது. மிச்சம் வயதினால் வந்த மந்தம். இதில் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகுமாம். அ, ஆ எல்லாம் காதில் விழும், க, ச, த, ப மங்கிவிடும், அதனால் கடையும் படையும் சடையும் அவருக்கு ஒன்றுதான். சத்தம் கேட்குது, சொல்லு புரியலை என்பார். நாம் கத்தினாலும் பெரிய பிரயோசனம் இல்லை. டீக்கடை வாசலில் ஜெனரேட்டர் ஓடினால் சொல்லவே வேண்டாம். பையன் வந்து "சோ செயினா, போ செயினா?" என்பான், சீனி தூக்கலா குறைச்சலா என்று அர்த்தம், இவர் சும்மா தலையை ஆட்டுவார், சர்க்கரை வியாதிக்காரர் சீனி தூக்கலான டீயைக் குடித்துவிட்டு வருவார்.

விடாமல் பேசியதும் அதனால்தான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. தான் பேசிக்கொண்டிருக்கும் வரை அடுத்தவர் என்ன சொன்னார் என்று ஊகிக்க வேண்டியதில்லையே! 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்குக் காரணமாகிற, நாம் தடுக்கப் பார்க்கக்கூடிய 14 விஷயங்களைச் சொன்னது. அதில் காது மந்தமும் இருக்கிறது, ஆளோடு ஆள் பழகாமல் தனித்துப்போவதும் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதலாவது இரண்டாவதைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது.

காது மிஷின் வாங்கினோம். விசில் அடிக்கிறது, தட்டு விழுந்தால் இடி விழுந்த மாதிரி இருக்கிறது என்று இரண்டு மாதம் அலமாரியில் போட்டுவிட்டார். மூக்குக்கண்ணாடிக்கு வெட்கப்படாத மனிதர் இதற்கு வெட்கப்பட்டார். பழக நாளாகும் என்று கடையில் சொல்லியிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது. பர்மாக்காரர்கள் காது மந்தத்தை "நா லே" என்பார்கள், காது கனத்துவிட்டது என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லை வெளியில் சொல்ல அண்ணனுக்கு ஒரு வருடம் பிடித்தது.

சொன்ன பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ஜெனரேட்டருக்கு எட்டத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருகிறார். இப்போதும் அதிகம்தான் பேசுகிறார், அது எங்கள் குடும்ப வியாதி, ஆனால் நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்கிறார். அடுத்த முறை எழுதும்போது அவர்களிடம் பேசுகிற எங்களுக்கும் நாலு வரி எழுதுங்கள், முன்னால் வந்து முகம் தெரிய நின்று பேசுங்கள் என்று. டீக்கடைப் பையன் அப்படித்தான் செய்கிறான். எதிரில் குனிந்து நின்று, "அபோ (தாத்தா), போ செயின்தானே?" என்கிறான்.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகி