காணாமற்போனவரின் கையெழுத்து

நீதி அமைச்சருக்கும், வன்னி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டங்களிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் என் அக்காவுக்கு இரண்டு ஏக்கர் காணி இருக்கிறது. கலியாணத்துக்கு ஐயா சீதனமாக எழுதிக் கொடுத்தது. காணிப் பத்திரமான உறுதி அவள் பெயரில்தான். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்ததற்குப் பிறகு அத்தானை அவள் காணவில்லை.

மகளின் படிப்புச் செலவுக்கு ஒரு ஏக்கரை விற்போம் என்று போன வருசம் நொத்தாரிசிடம் போனோம். உறுதியைப் புரட்டிப் பார்த்தவர், "அவரின்ர கையெழுத்து வேணும்" என்றார். ஆள் காணாமற்போனவர் என்று அக்கா சொன்னாள். "அப்ப மரணச் சான்றிதழ் எடுங்கோ அம்மா, வேலை லேசா முடியும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சுகமான வழியைத்தான் காட்டினார். அக்கா ஒன்றும் பேசாமல் உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். பஸ்ஸில் முள்ளியவளை வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கையெழுத்தைக் கேட்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. பெயரில் யாழ்ப்பாணம் இருந்தாலும் அது எங்களையும் ஆள்கிறது. அதே பிரிவு, மரணசாசனம் எழுதுவதென்றால் சம்மதம் தேவையில்லை என்கிறது. செத்த பிறகு மகளுக்குப் போகட்டும் என்று அக்கா இன்றைக்கே தனியாக எழுதலாம். உயிரோடு இருக்கையில் அதே காணியை அதே மகளுக்குக் கொடுக்க முடியாது.

பெண்ணின் சொத்தைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 1923இல் வந்த 18ஆம் இலக்க மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம், கணவனைக் கேட்காமல் தன் காணியைக் கையாளும் உரிமையை மணமான பெண்களுக்குக் கொடுத்தது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டோரும் முஸ்லிம்களும் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரும் மட்டும் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். நூறு வருசத்துக்கு மேலாகிறது.

தேசவழமை எங்கள் அடையாளம், அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லும் பெரியவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 1707இல், அப்போது ஆண்ட ஒல்லாந்தருக்காக அவர்களின் அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்தபோது சரிபார்த்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள். ஒரு பெண்ணிடமும் கேட்கவில்லை. 1911இல் எங்கள் பாட்டிமாருக்கு வாக்குரிமைகூட இல்லை, அது 1931இல்தான் வந்தது. அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டமும் 1947இல் திருத்தப்பட்டதுதான்.

கணவனின் இருப்பிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி பெறலாம் என்று 8ஆம் பிரிவு சொல்கிறதே என்பீர்கள். சட்டத்தரணிக்குக் காசு, தவணைக்குத் தவணை கூலி வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதையும் பொறுக்கலாம். அந்த மனுவில் 'என் கணவரின் இருப்பிடம் தெரியாது' என்று அவள் எழுத வேண்டும். அவர் எங்கே என்றுதான் அவள் அரசிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமற்போனவர்களைக் கேட்டுத் தாய்மாரும் மனைவிமாரும் குந்தினார்களே, அந்தக் கொட்டகையில் அவளும் இருந்தவள்.

நீதிமன்றம் இந்தப் பிரிவைத் தூக்கி எறியட்டும் என்றும் விட முடியாது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அதற்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது 16ஆம் உறுப்புரை. ஆகவே இது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்களால் முடியும் என்பதையும் கண்டிருக்கிறோம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கும் பெர்மிட் காணியில் மகளுக்கு முன் மகன் என்று வைத்திருந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2022இல் திருத்தியது. குடியேற்றத் திட்டங்களில் வாழும் வன்னிப் பெண்களுக்கு அது பெரிய விடயம்.

நான் கேட்பது 6ஆம் பிரிவிலிருந்து அந்தச் சம்மத வாசகத்தை எடுத்துவிடுங்கள் என்பதுதான். அதற்குக் காலம் எடுக்குமென்றால், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி வழங்கப்படும் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கையில் இருக்கும் பெண்ணிடம் கணவனின் கையெழுத்தையும் கேட்கக் கூடாது, நீதிமன்ற அனுமதியையும் கேட்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். மரணச் சான்றிதழை மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். காணிக்காக அத்தானைச் செத்தவர் என்று எழுத அவள் சம்மதிக்கமாட்டாள்.

உறுதி, பதிவுத் திருமணச் சான்றிதழ் எல்லாம் ஒரு கோவையில் போட்டு வைத்திருக்கிறோம். கூப்பிட்டால் இரண்டு பேரும் வருவோம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கை