ஒரே கல்லில்: அனெட் நோர்பெர்க்குக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அனெட் நோர்பெர்க் அவர்களுக்கு,

2006 பிப்ரவரி 23 அன்று நீங்கள் விட்ட கடைசிக் கல்லை இந்த வாரம் மட்டும் பதினோரு தடவை பார்த்துவிட்டேன். டூரின் ஒலிம்பிக், பெண்கள் கர்லிங் இறுதி ஆட்டம், பினெரோலோ நகரத்துப் பனிக்களம். பனியில் கல்லை வழுக்கி விட்டு, எதிர்முனை வட்டத்தின் நடுவுக்கு அருகில் நிறுத்தும் விளையாட்டு; நீங்கள் ஸ்வீடன் அணியின் தலைவி. பத்துச் சுற்றும் முடிந்து சுவிட்சர்லாந்தோடு 6-6 சமம். கூடுதல் சுற்று. சுவிஸ் தலைவி மிர்யாம் ஒட் அணியின் இரண்டு கற்கள் வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் வெளியே போய் உங்கள் கல் உள்ளே நின்றால் தங்கம். ஒன்று தங்கிவிட்டால் வெள்ளி.

நீங்கள் குனிகிறீர்கள். வலது கால் ரப்பர்க் கட்டையை உந்துகிறது, இடது கால் வழுக்குகிறது, முழங்கால் பனியைத் தொடாத குறையாக உடம்பு முழுவதும் தாழ்ந்து போகிறது. அந்த முனையில் உங்கள் அணித் தோழி ஏவா லுண்ட் துடைப்பத்தை நட்டுக் குறி காட்டுகிறார். கைப்பிடியிலிருந்து விரல்கள் விலகும் அந்த ஒரு கணத்தில் நான் எப்போதும் வீடியோவை நிறுத்திவிடுவேன். விரல்கள் விரிந்துவிட்டன, கல் இன்னும் ஒரு சாண் தூரம்கூடப் போகவில்லை. அப்புறம் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. உங்கள் தங்கை காத்ரீனும் இன்னொரு தோழி அன்னா லெ மோயினும் துடைப்பத்தால் பனியைப் பெருக்கிக்கொண்டே கல்லோடு ஓடுகிறார்கள்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எங்கள் மொழியில் ஒரு பேச்சு உண்டு. கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம். அதைச் சொன்னது சொன்னபடி ஒருவர் செய்து காட்டியதை நான் பார்த்தது அன்றுதான். 7-6.

இந்தக் கடிதத்தைக் கூடவே படிக்கிறவர்களில் பலர் கர்லிங் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல் இருபது கிலோவை நெருங்கும். ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்ற குட்டித் தீவின் கருங்கல்தான் இதற்குப் பேர்போனது. களம் சுமார் 45 மீட்டர் நீளம். பனியின் மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய விடுவார்கள்; கல் அந்தப் பொடிப்பொடி மேடுகளின் மேல்தான் போகிறது. கல்லின் அடிப்பாகம் குழிவானது, வளையல் மாதிரி ஒரு மெல்லிய விளிம்பு மட்டும்தான் பனியைத் தொடும். விடும்போது லேசாகத் திருகி விட்டால் போகப் போக வளையும். ஏன் அந்தப் பக்கமாக வளைகிறது என்பதில் இயற்பியல்காரர்கள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. முன்னால் பெருக்கினால் பனி சற்றுச் சூடாகி வழுக்கும். கல் இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் நேராகப் போகும். அவ்வளவுதான் பெருக்குகிறவர்களால் முடியும். துடைப்பம் தப்பித் தவறிக் கல்லில் பட்டுவிட்டால், பட்டது என்று அந்த ஆட்டக்காரரே சொல்லிவிட வேண்டும். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

சரி, உங்களிடம் வருகிறேன்.

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு ஒலிம்பிக் தங்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருடங்கள்தான் கண்ணில் நிற்கின்றன. போத்னியா வளைகுடாக் கரையில் ஹெர்னோசாண்ட் என்ற சின்ன ஊரில் 1966-இல் பிறந்தீர்கள். 1989-இல் உலகப் போட்டியில் வெண்கலம். 1991-இல் மறுபடியும் வெண்கலம். 2001-இல் வெள்ளி. அதே 2001-இல் ஐரோப்பியப் பட்டமும் உங்களுக்குத்தான். ஆனால் 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்குக்கு ஸ்வீடன் சார்பில் போனது எலிசபெத் குஸ்தாஃப்சனின் அணி. அவர் நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர், மறுக்க முடியாத ஆள். இருந்தாலும் ஐரோப்பாவில் முதலாவதாக நின்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஒலிம்பிக் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்! நீங்கள் அடுத்த வருடமும் ஐரோப்பியப் பட்டம் வென்றீர்கள், அதற்கடுத்த வருடமும். 2001 முதல் 2005 வரை ஐந்து முறை தொடர்ச்சியாக. முதல் உலகப் பட்டம் 2005-இல், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில். அப்போது உங்களுக்கு 38 வயது. முதல் வெண்கலத்துக்கும் இதற்கும் நடுவில் பதினாறு வருடம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வேலையும் பார்த்தீர்கள். காப்பீட்டு நிறுவனத்தில் கணித வல்லுநர். எத்தனை பேருக்கு எந்த வயதில் என்ன நேரலாம், அதற்கு இன்றைக்கே எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று போடும் கணக்கு. நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள் என்பதால் இந்த ஒரு வரியைப் படித்ததும் உங்கள் மேல் தனி உரிமையே வந்துவிட்டது. ஆட்டத்தில் நீங்கள் ஒரு கல்லை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும் முகத்தைப் பார்த்தால், எதிராளி அடுத்து என்ன செய்வாள், தவறினால் என்ன மிச்சம் இருக்கும் என்று மனசுக்குள் அட்டவணை ஓடுவது தெரிகிறது.

அந்த முகம் இன்னொரு இடத்திலும் வந்தது. கோத்தன்பர்க் நகரத்து ஹாமர்ஃபால் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாட்டு உங்கள் அணிக்குப் பிடித்தமானது என்று தெரிந்ததும், 2006-இல் அந்தக் குழு அதே பாட்டுக்கு உங்களை வைத்தே புதிதாக ஒரு வீடியோ எடுத்தது. நீளமுடிக்காரர்கள் ஒரு பக்கம், ஒலிம்பிக் வீராங்கனைகள் இன்னொரு பக்கம், நடுவில் பனி. நீங்கள் நான்கு பேரும் அதில் நடிக்கிறீர்கள். உண்மையிலேயே நடிக்கிறீர்கள்: முறைக்கிறீர்கள், சவால் விடுகிறீர்கள், அனுபவித்துச் செய்கிறீர்கள். ஒரு காப்பீட்டுக் கணக்காளருக்குள் இது எங்கே ஒளிந்திருந்தது என்று அதிசயப்பட்டேன். ஸ்வீடனில் கர்லிங் பக்கமே போகாத பிள்ளைகளிடம் அந்த விளையாட்டைக் கொண்டுபோனதில் அந்தச் சில நிமிடங்களுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2010 வான்கூவரை நான் விரிவாகப் பேசப்போவதில்லை. கனடாவின் சொந்த மண், சொந்தக் கூட்டம். மறுபடியும் கூடுதல் சுற்று, மறுபடியும் 7-6. இந்த முறை கடைசிக் கல் கனடா அணித் தலைவி செரில் பெர்னார்டு கையில். பினெரோலோவில் உங்களுக்கு வந்த அதே கணக்குதான் அவருக்கும் வந்தது: ஒரே கல்லில் இரண்டு. ஒன்றுதான் போனது. நீங்கள் உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒலிம்பிக் கர்லிங் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் அணித் தலைவி என்று வரலாற்றில் எழுதினார்கள். எனக்கோ பெர்னார்டின் முகமும் மறக்கவில்லை.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அடுத்து நடந்ததற்காகத்தான்.

அந்தத் தங்கத்துக்குப் பிறகு ஏவா, காத்ரீன், அன்னா மூவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். உங்களுக்கும் 43 வயது. நீங்களும் கையசைத்துவிட்டுப் போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் செசிலியா ஓஸ்ட்லுண்ட், சாரா கார்ல்சன், லிசெலோட் லென்னார்ட்சன் என்று உங்களைவிட எவ்வளவோ இளைய மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். அடுத்த வருடமே, 2011-இல், டென்மார்க்கின் எஸ்பியர்கில் கனடாவை 7-5 என்று வென்று உலகப் பட்டம். உங்கள் மூன்றாவது. என்னைக் கேட்டால் இரண்டு ஒலிம்பிக் தங்கத்தையும்விட இதுதான் பெரியது. சொல்லாமலே புரிந்துகொள்ளும் தோழிகளோடும் தங்கையோடும் ஜெயிப்பது ஒரு விதம். உங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த பெண்கள் உங்கள் பக்கத்தில் கை நடுங்காமல் நிற்கும்படி செய்வது முற்றிலும் வேறு வேலை. அது வாத்தியார் வேலை. அதன் கஷ்டம் எனக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் 'கர்லிங் பெற்றோர்' என்று ஒரு சொல் புழங்குகிறதாம். பிள்ளை போகும் வழியில் ஒரு தூசிகூட இல்லாமல் பெருக்கிவிட்டுக்கொண்டே ஓடும் அப்பா அம்மாவைக் கிண்டலாக அப்படிச் சொல்கிறார்கள். இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கர்லிங்கில் யாரும் தடையை எடுத்துப் போடுவதில்லையே! வழியில் எதிராளியின் கல் இருந்தால் இருந்ததுதான். துடைப்பத்தால் அதைத் தொடக்கூட முடியாது. எறிகிறவள் கொடுத்த வேகம் போதுமா, கொஞ்சம் கைகொடுக்க வேண்டுமா என்று கல்லைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். தேவையில்லை என்றால் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு சும்மா கூடவே போகிறார்கள். அந்தப் பெண்கள் எறியும்போது நீங்கள் எதிர்முனையில் துடைப்பத்தை நட்டுக் குறி காட்டினீர்கள், பெருக்கச் சொல்லிக் கத்தினீர்கள், நிறுத்தச் சொல்லிக் கத்தினீர்கள். அவர்களுடைய கல்லை ஒரு தடவைகூட நீங்கள் எறியவில்லை.

கரும்பலகையில் மாணவி திணறும்போது சாக்பீஸைப் பிடுங்கி நானே போட்டுக் காட்டிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. இருபது வருடப் பழக்கம். எஸ்பியர்க் ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து அடக்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

நாளை மூன்றாவது பிரிவேளை ஒன்பதாம் வகுப்பு. பாடம் கோணங்கள். பலகையில் ஒரு வட்டமும், அதற்குள் இரண்டு கற்களும் வரைந்துவிட்டு, உங்கள் கல் எந்தக் கோணத்தில் முதல் கல்லைத் தொட்டால் இரண்டும் வெளியே போகும் என்று கேட்கப்போகிறேன். ஆளுக்கு ஒரு கோடு போடட்டும். எல்லாரும் போட்டு முடித்த பிறகுதான் வீடியோ.

அன்புடன்,
ஒரு கணக்கு டீச்சர்