தரையை அளந்து கூரைக்கு விலை சொன்னீர்கள்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
காவேரிப்பட்டினம் அருகில்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
கூரை ஷீட் ஒப்பந்த நிறுவனம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: 1,72,800 ரூபாய் என்று சொன்ன கூரை வேலைக்கு 3,29,460 ரூபாய் கேட்பது, முகடு ஒழுகுவது குறித்து.

ஐயா,

வணக்கம். பங்குனி மாதம் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் ஓட்டைப் பிரித்துவிட்டு, கூரையைத் தாங்க இரும்புச் சட்டம் (டிரஸ்) வைத்து கலர் ஷீட் போட்டுக் கொடுத்தது உங்கள் நிறுவனம்தான். கடைசி பில் கைக்கு வந்த நாளிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்துவிட்டேன். மூன்று முறை "சார் சைட்ல இருக்கார்" என்று பதில். நான்காவது முறை எடுத்தவர், "ஃபைனல் பில் அப்படித்தான் சார் வரும், எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். எல்லாருக்கும் அப்படித்தான் என்று கேட்ட பிறகுதான் இதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எஸ்டிமேட் போட வந்த உங்கள் ஊழியர் வீட்டுக்குள் நின்றபடியே ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு டேப் பிடித்தார். நீளம் 36 அடி, அகலம் 20 அடி. காபி குடித்து முடிப்பதற்குள் கணக்கும் முடிந்துவிட்டது. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்தது இது: "ஷீட், பைப், ஸ்க்ரூ, கூலி எல்லாம் சேர்த்து சதுர அடி 240. மொத்தம் 720 சதுர அடி. 1,72,800." அவ்வளவுதான். ஓட்டைப் பிரிக்கிற கூலி, வண்டி வாடகை, முகட்டு ஷீட் என்று ஒரு வார்த்தை கிடையாது.

அதே வாரம் இன்னொருவரும் வந்து பார்த்தார். வயதானவர், கூடவே ஏணி கொண்டு வந்தார். மேலே ஏறி முகட்டிலிருந்து, சுவரைத் தாண்டி நீட்டி நிற்கிற கூரை விளிம்பான இறவாணம் வரை அளந்தார், மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், சுவரின் தலைப்பைச் சுரண்டிப் பார்த்தார். பிரிக்கிற கூலியும் சேர்த்து 2,62,000 என்றார். நான் அவரை "ரொம்ப அதிகம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது சந்தையில் எதிரே பார்த்தால் அவருக்கு வணக்கம் வைக்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் குறைத்துச் சொன்னது எனக்குச் செய்த முதல் நஷ்டம் இதுதான். ஒழுங்காக அளந்தவர் வேலையை இழந்தார், அளக்காதவர் எடுத்துக்கொண்டார்.

இனி உங்கள் பில். 1,274 சதுர அடி, 240 வீதம் 3,05,760. ஓடு பிரித்த கூலி 12,000. முகட்டு ஷீட் 40 அடிக்கு 7,200. வண்டி 4,500. ஆக மொத்தம் 3,29,460. ஏற்கெனவே நான் இரண்டு தவணையாக 1,86,400 கொடுத்திருக்கிறேன். மீதி 1,43,060 உடனே வேண்டும் என்கிறீர்கள்.

720 எப்படி 1,274 ஆனது என்று கேட்டதற்கு, "அது மேல ஏறினா கூடும் சார்" என்றார் உங்கள் மேற்பார்வையாளர். முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவனிடம் சொல்கிற பதிலா இது? கூடும்தான். எவ்வளவு கூடும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். சுவரைத் தாண்டி நான்கு பக்கமும் 2 அடி இறவாணம் விட்டால், நீளம் 40, அகலம் 24. இரண்டு பக்கச் சரிவு என்பதால் ஒரு பக்கத்துக்குக் கிடையாக 12 அடி. முகடு, இறவாண விளிம்பிலிருந்து 5 அடி உயரம். அடி 12, உயரம் 5 என்றால் சரிவின் நீளம் 13. பள்ளிக்கூடத்துப் பையன் மனப்பாடமாகச் சொல்லுவான், செங்கோண முக்கோணத்துக்கு நான் போர்டில் போடுகிற இரண்டாவது உதாரணமே அதுதான். 13 அடியை 40 அடியால் பெருக்கி, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தால் 1,040 சதுர அடி. என் வீட்டுக் கூரை அவ்வளவுதான். 720 என்பது நான் பாய் விரித்துப் படுக்கிற தரை.

அப்படியானால் பாக்கி 234 சதுர அடி எங்கிருந்து வந்தது? ஷீட்டை எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு 13, ஆக 26 ஷீட். ஒவ்வொன்றும் 14 அடி நீளம், மூன்றரை அடி அகலம், அதாவது 49 சதுர அடி. 26 ஐ 49 ஆல் பெருக்கினால் சரியாக 1,274. ஒரு ஷீட் அடுத்ததன் மேல் ஏறி உட்காருகிற ஓவர்லேப், கடைசியில் வெட்டிப் போட்ட துண்டு என்று எல்லாவற்றையும் என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். கடையிலிருந்து ஷீட் மட்டும் வாங்கினால் அப்படித்தான் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னது கூலியும் பைப்பும் சேர்ந்த முடித்த வேலையின் விலை. டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார் உடைத்துப் போட்ட சில்லுக்கும் சேர்த்துச் சதுர அடிக் கூலி கேட்பதில்லை. இந்த 234 சதுர அடிக்கு மட்டும் 56,160 ரூபாய் போட்டிருக்கிறீர்கள்.

1,040 சதுர அடிக்கு நான் பணம் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த 720 ஐயே பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று என் மருமகன் சொல்கிறான். எனக்கு மனசு வரவில்லை. கூரை 1,040 இருக்கிறது, அதன் நிழலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாளே மேலே ஏறி அளக்கச் சொல்லாதது என் தவறும்தான்.

பைப் விஷயம் வேறு. வேலை தொடங்கும்போது இரண்டு அங்குலச் சதுர பைப், 2 மில்லி கனம் என்றார்கள். வெல்டிங் முடிந்து மிச்சமாகக் கிடந்த 3 அடித் துண்டை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 2 கிலோ 200 கிராம். 2 மில்லி பைப்பாக இருந்தால் அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ 700 நிற்க வேண்டும். 2,200 என்பது 1.6 மில்லியின் எடை. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இரும்பு குறைவு. இரும்பை நீங்கள் கிலோ கணக்கில்தானே வாங்குகிறீர்கள்? அந்த எடைச் சீட்டை எனக்குக் காட்டுங்கள்.

இது பணத்தோடு போகிற விஷயமும் இல்லை. எங்கள் பழைய ஓட்டுக் கூரை மூன்று டன்னுக்கு மேல் எடை, அந்தப் பாரத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தது. இந்த 26 ஷீட்டும் சேர்ந்து அரை டன்கூட வராது. சித்திரையில் மாங்காயை மொத்தமாக உதிர்த்துப் போடுகிற காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தக் காற்று இறவாணத்துக்கு அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கும். லேசான கூரையைச் சுவரோடு பிடித்து வைப்பது டிரஸ்ஸின் காலடியில் இருக்கிற அடித்தகடும் போல்ட்டும்தான். தகட்டில் நான்கு ஓட்டை இருக்கிறது, போல்ட் இரண்டுதான் போட்டிருக்கிறார்கள். எட்டுத் தகட்டில் ஆறில் இப்படி.

முதல் கோடை மழையிலேயே முகட்டில் இரண்டு இடத்தில் ஒழுகியது. கீழே வைத்திருந்த கேழ்வரகு மூட்டை ஒன்று நனைந்து வீணானது. பக்கத்து வீட்டுப் பையனை மேலே ஏற்றிப் போட்டோ எடுக்கச் சொன்னேன். ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் சில இடங்களில் பிதுங்கிக் கோணலாக நிற்கிறது, இரண்டு மூன்றில் வாஷரே காணோம். துளை போட்டபோது விழுந்த இரும்புத்தூளையும் யாரும் துடைக்கவில்லை. அது மழையில் துருப்பிடித்து, புது ஷீட் முழுக்கப் பழுப்புப் புள்ளி. ஷீட் நீங்கள் சொன்ன ஷீட்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்த வெயிலில் தகரத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்த பையன்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆறு நாள் வேலையை நான்கு நாளில் முடிக்கச் சொல்லி அனுப்பியது அவர்கள் இல்லையே.

அப்புறம் ஓடு. பிரித்த ஓட்டை உங்கள் வண்டியே ஏற்றிக்கொண்டு போனது. நான் அதைத் தருவதாகவும் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவும் இல்லை. பத்துக்குப் பத்து அடி இடத்துக்குச் சுமார் 140 சீமை ஓடு பிடிக்கும், ஆகவே உடைசல் போக 1,400 க்குக் குறையாது. உங்கள் ஓட்டுநரே பக்கத்து ஊரில் மாட்டுக் கொட்டகை போடுகிறவருக்கு ஒன்று 8 ரூபாய்க்குக் கொடுத்ததாக, வாங்கியவர் வாயாலேயே கேட்டேன். 11,200 ரூபாய். பிரிப்பதற்கு என்னிடம் கூலி, பிரித்ததை விற்ற காசு உங்களுக்கு. இது என்ன கணக்கு என்று என் வீட்டுக்காரம்மா கேட்கிறாள்.

பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்தது முத்திரை இல்லாத வெள்ளைத் தாள். முறையான பில் கேட்டதற்கு, "அப்படின்னா 18 பர்சன்ட் ஜி.எஸ்.டி. தனியா வரும்" என்றார்கள். அதாவது இன்னும் 59,300 ரூபாய். எஸ்டிமேட்டில் வரி தனி என்று எழுதாமல், பில் கேட்டால் மட்டும் வரி என்பது எந்த ஊர் நியாயம்? விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் தராமல் இருப்பதே 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் பொறுப்பில் ஒருவர் வந்து, என் எதிரில், மேலே ஏறி அளக்கட்டும். 1,040 சதுர அடிக்கு 240 வீதம் 2,49,600. பிரித்த கூலி 12,000 ஐ, முதலில் சொல்லாவிட்டாலும், ஏற்கிறேன். முகட்டு ஷீட்டும் வண்டியும் "எல்லாம் சேர்த்து" என்ற உங்கள் வார்த்தைக்குள் அடங்கியவை, அவற்றுக்குத் தர மாட்டேன். கூட்டினால் 2,61,600. கொடுத்த 1,86,400 போக 75,200. ஓட்டுக் காசு 11,200 கழித்தால் 64,000. பைப் கனத்துக்கான வித்தியாசத்தை எடைச் சீட்டு பார்த்து இதிலிருந்து குறைக்க வேண்டும். போல்ட், வாஷர், முகடு மூன்றையும் சரிசெய்து, முறையான பில்லும் கொடுத்த அன்றே மீதிப் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வங்கியில் வைத்திருக்கிறேன்.

15 நாளில் யாரும் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வாட்ஸ்அப் செய்தி, உங்கள் வெள்ளைத் தாள், போட்டோக்கள் எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கிறது. அந்த 3 அடி பைப் துண்டு மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

வருகிறவர் காலை பத்து மணிக்குள் வருவது நல்லது. அதற்கு மேல் ஷீட்டில் கை வைக்க முடியாது. ஏணியும் நீங்களே கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டு ஏணி புது முகட்டுக்கு எட்டாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்