ஒரே ஊர்க் கழகங்கள் இறுதிப் போட்டியில் மோதினால் என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்தில் வருடா வருடம் நடக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் இந்த முறை ஒரு புது ஏற்பாடு செய்யப்போகிறார்களாம். எங்கள் டவுனில் உள்ள இரண்டு கழகங்களையும் குலுக்கலில் சேர்க்காமலே போட்டி அட்டவணையின் ஒரே பாதியில் போட்டுவிடுவது, அப்படிப் போட்டால் அரையிறுதி முடிவதற்குள் இரண்டில் ஒன்றாவது வெளியே போய்விடும், இறுதிப் போட்டியில் சந்திக்கவே சந்திக்காது. ஏன் என்று கேட்டால் "சண்டை வரும், எதற்கு வீண் பிரச்சினை" என்கிறார்கள். அதில் ஒரு கழகத்துக்குப் பதினாறு வருடம் கோல் கீப்பராக நின்றவன் நான். எனக்கு மனது கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சண்டை வந்தது உண்மை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு கழகமும் இறுதிக்கு வந்தபோது குடையால் அடித்துக்கொண்டார்கள், ஓர் ஓட்டோவின் கண்ணாடி போனது, கிண்ணத்தை யாருக்கும் கொடுக்காமலே மேசையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்று கம்பத்துக்குக் கீழே நின்ற எனக்குத் தெரியும்.

நோட்டீசில் 2 மணி என்று போட்டிருந்தது. பிரதம அதிதி வந்து சேர்ந்தது மூன்றரைக்கு. அப்புறம் மாலை, பொன்னாடை, பேச்சு. விசில் ஊதும்போது 4 மணி தாண்டிவிட்டது. நமது மலையில் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு பனி எப்படி இறங்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் பாதியில் நான் நின்ற இடத்திலிருந்து நடுக்கோடே தெரியவில்லை, ஆட்களின் சத்தத்தை வைத்துத்தான் பந்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று கணக்குப் பண்ணினேன். திடீரென்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து பந்து வந்தது, என் விரலில் பட்டது, கம்பத்தில் அடித்தது, கீழே விழுந்தது, நான் அதன்மேல் விழுந்தேன். கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று எனக்கே இன்றுவரை தெரியாது, ஏனென்றால் சுண்ணாம்புக் கோடு ஈரத்தில் கரைந்து சேறோடு சேறாகிவிட்டிருந்தது. மத்தியஸ்தர் கோல் என்றார். அவர் எங்கள் டவுன்காரர், மற்றக் கழகத்தில் முன்பு விளையாடியவர். அதற்கப்புறம் யாரை யார் பிடித்து நிறுத்துவது?

இதில் இரண்டு கழகமும் ஒரே ஊர் என்பது எங்கே குற்றம்? நேரம் பிந்தியது குற்றம், கோடு குற்றம், மத்தியஸ்தரை வெளியிலிருந்து எடுக்காதது குற்றம்.

இங்கிலாந்தின் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டி 1872இலிருந்து நடக்கிறது. மென்செஸ்டர் சிட்டியும் மென்செஸ்டர் யுனைடெட்டும் அதில் முதல் தடவையாகச் சந்தித்தது 2023 ஜூன் 3ஆம் திகதிதான். அந்தக் கிண்ணத்தில் பெரிய கழகங்கள் வந்து சேர்ந்த பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாப் பெயரையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்குகிறார்கள், பெரிய கழகம், பக்கத்து ஊர்க் கழகம் என்று பிரித்து வைப்பதில்லை. அங்கேயும் சண்டை வரும் என்ற பயம் இருந்தது. அதற்கு அவர்கள் செய்தது, ஆட்டத்தைப் பிற்பகல் 3 மணிக்கே தொடங்கியது, ரசிகர்கள் நாள் முழுக்கக் குடித்துவிட்டு வராமல் இருக்க. ஆட்டம் தொடங்கி 13 விநாடி ஆவதற்குள் சிட்டியின் குண்டோகன் கோல் போட்டார், அந்த இறுதிப் போட்டி வரலாற்றிலேயே அதுதான் வேகமான கோல். சிட்டி 2-1 என்று வென்றது. அடுத்த வருடமும் அதே இரண்டு கழகம், அதே 3 மணி, இந்த முறை யுனைடெட் 2-1. முதல் வருடத்தைப் பார்த்துவிட்டு இனி இவர்களைச் சேர்க்காதே என்று யாரும் சொல்லவில்லை.

மட்ரிட் கதையை நான் மறக்கவே மாட்டேன். 2014 செம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பியக் கழகங்களின் கிண்ண இறுதி, லிஸ்பனில், ரியல் மட்ரிட்டும் அத்லட்டிகோ மட்ரிட்டும். அந்தக் கிண்ணத்தின் இறுதிக்கு ஒரே நகரத்தின் இரண்டு கழகங்கள் வந்தது அதுவரை நடக்காத விஷயம். நமக்கு அது நடுச்சாமம் 12.15. தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். தங்கச்சியைக் கட்டியவர் நமது டவுனின் மற்றக் கழகத்தில் பின்வரிசை ஆட்டக்காரர், அன்றைக்கு மச்சான் அத்லட்டிகோ, நான் ரியல். 36ஆவது நிமிடத்தில் ரியல் கீப்பர் கசியாஸ் கோலை விட்டு வெளியே வந்து இடைவழியில் மாட்டிக்கொண்டார், அத்லட்டிகோவின் கொடின் தலையால் தள்ளிவிட்டார். கீப்பர் வெளியே வந்தால் பந்தைத் தொட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வரவே கூடாது. எனக்கும் அப்படி நடந்திருக்கிறது, வயிறு எரியும். தொண்ணூறு நிமிடமும் முடிந்து வீணான நேரத்துக்காகக் கூட்டிக் கொடுத்ததில் மூன்றாவது நிமிடம், ரியலின் மொட்ரிச் அடித்த கோர்னர், ரமோஸ் தலையால் அடித்தார், 1-1. அத்லட்டிகோ கீப்பர் கூர்ட்டுவா முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை. மச்சான் ஒன்றும் பேசாமல் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய் வாசலில் நின்றார். அத்லட்டிகோ காயத்தோடு இறக்கிய டியேகோ கொஸ்டாவை 9ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுத்திருந்தது, மாற்று வீரர்கள் மூவரும் முடிந்துபோயிருந்தார்கள், அவர்களுடைய ஹுவன்பிரான் நொண்டிக்கொண்டே ஓடினார். மேலதிக ஆட்டத்தில் ரியல் 4-1 என்று வென்றது. விடிந்ததும் தங்கச்சி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். திங்கட்கிழமை நானும் மச்சானும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், டவுன் வரைக்கும் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஒரே ஊர் இறுதிப் போட்டி என்றால் இதுதான். தோற்றவன் வேறு ஊருக்குப் போய் மறந்துவிட முடியாது, அதே கடையில் சாமான் வாங்கவேண்டும், அதே கோயிலில் தேர் இழுக்கவேண்டும். அந்தக் கூச்சமே மனிதனைக் கட்டுப்படுத்தும், நாம் அதற்கு ஒழுங்கான ஒரு கிரவுண்டையும் நேரத்தையும் கொடுத்தால்.

லிவர்பூல் நகரத்தைப் பாருங்கள். 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள், 97 உயிர் போனது. அடுத்த வாரம் லிவர்பூலின் ஆன்பீல்ட் மைதானத்துக்கும் எவர்டனின் குடிசன் பார்க் மைதானத்துக்கும் நடுவில் உள்ள பூங்காவுக்குக் குறுக்கே லிவர்பூலின் சிவப்புச் சால்வையும் எவர்டனின் நீலச் சால்வையும் முடிச்சுப் போட்டு ஒரே கயிறாகக் கட்டினார்கள். மே 20ஆம் திகதி இறுதிப் போட்டி, வந்தது அதே லிவர்பூலும் எவர்டனும்! எவர்டனின் மெக்கோல் இரண்டு கோல் போட்டார், லிவர்பூலின் இயன் ரஷ் இரண்டு போட்டார், இரண்டு பேரும் மாற்று வீரராக வந்தவர்கள், மேலதிக ஆட்டத்தில் லிவர்பூல் 3-2. ஊரே செத்தவீடாக இருந்த நேரத்தில் அந்த இரண்டு கழகத்தையும் பிரித்து வைத்திருந்தால் அந்த ஜனங்களுக்கு அழுவதற்குக்கூட ஓர் இடம் இருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் சுற்றுப்போட்டியில் முந்திய சுற்றுகள் கிழமை நாளில்தான் நடக்கும். இறுதி மட்டும் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கழகத்துக்கும் பையன்கள் வருவது சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து. அவர்களுடைய அம்மாமார் கிழமை நாளில் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள், ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு மேட்ச் பார்க்க வர முடியுமா? ஞாயிறு என்றால் குடையைப் பிடித்துக்கொண்டு மண்திட்டில் வரிசையாக வந்து உட்காருவார்கள். மகன் தனது ஊர்க்காரனோடு மோதுவதை அவர்கள் பார்க்க வேண்டாமா?

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மத்தியஸ்தர்களை வேறு மாவட்டத்திலிருந்து எடுங்கள். கோட்டை அன்று காலையில் இன்னொரு தடவை போடுங்கள். அதிதி வந்தாலும் வராவிட்டாலும் 2 மணிக்கு விசில் ஊதுங்கள், பேச்சையும் பொன்னாடையையும் ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். குலுக்கலை எல்லோருக்கும் முன்னால் ஒரே பெட்டியில் சீட்டுப் போட்டு எடுங்கள், ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் கழகமும் மச்சானின் கழகமும் முதல் சுற்றிலேயே மோதும்படி சீட்டு வந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
பழைய கோல் கீப்பர் ஒருவன்,
நுவரெலியா மாவட்டம்.