கரைக்குப் பணம் வந்தது, வரத்துக்காலுக்கு ஆளில்லை

ஆசிரியருக்கு,

ஒரு கண்மாயின் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம், அதாவது ஆயக்கட்டு, நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் அந்தக் கண்மாய் நீர்வளத் துறைக்கு. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. கணக்கு வைத்துக்கொள்ள இது வசதிதான். ஆனால் எங்கள் சிவகங்கைச் சீமையில் மேல் கண்மாய் நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலுங்கு பாய்ந்தால்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர். மேலே ஒரு துறை, கீழே ஒரு துறை. நடுவில் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலை யார் பார்ப்பது?

எங்களுடையது ஒன்றியக் கண்மாய். போன கோடையில் கரையைப் பலப்படுத்தி வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்குப் புது ஷட்டர் போட்டார்கள். வேலையில் குறை சொல்ல மாட்டேன். தொகை எழுதிய பலகைகூடப் பளிச்சென்று நிற்கிறது. ஐப்பசி மழையில் மேல் கண்மாய் கலுங்கு பாய்ந்தது. எங்கள் கண்மாயில் முழங்கால் தண்ணீர் சேரவில்லை. வரத்துக்கால் ரோட்டைக் கடக்கும் இடத்தில் குழாய்ப் பாலத்தை வாய்க்காலின் அடிமட்டத்தைவிட உயரமாக வைத்திருக்கிறார்கள். வந்த தண்ணீர் அங்கே எதிரேறி, பக்கத்து வயல்களில் பரவி நின்றது. பாலத்துக்குக் கீழே வாய்க்காலின் பாதியை உழுது பயிர் வைத்திருக்கிறார்கள், மீதியில் சீமைக்கருவேல்.

மனு கொடுத்தோம். ஒன்றியத்தில், கரையும், தண்ணீர் தேங்கும் உள்வாயும்தான் தங்களுடையது என்றார்கள். நீர்வளத் துறையில் கலுங்கு வரைதான் என்றார்கள். பாலம் நெடுஞ்சாலைக்காரர்களுடையது, அவர்கள் எஸ்டிமேட்டில் இருந்தபடிதான் கட்டினார்களாம். ஆக்கிரமிப்புக்குத் தாலுகா ஆபீசில் கேட்டால் சர்வேயர் வர வேண்டும். நூறு நாள் வேலையில் வாய்க்காலை வெட்டினார்களே என்பீர்கள். வெட்டினார்கள், எங்கள் ஊராட்சி எல்லை வரைக்கும். எல்லைக்கு அப்பால் அடுத்த ஊராட்சி.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. முன்பு ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருந்தார். நாலு ஆபீசுக்கும் போன் போட்டுச் சண்டையாவது பிடிப்பார். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) போனது. ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளும் அவர் ஒருவர் தலையில். அவர் எங்கள் வாய்க்காலை எப்போது வந்து பார்ப்பார்?

கண்மாய் வேலைக்கு எஸ்டிமேட் போடும் முன்பே நாலு துறைக்காரர்களும் நில அளவை வரைபடமான புலப்படத்தோடு, ஆயக்கட்டு விவசாயிகளையும் கூட்டிக்கொண்டு, மேல் கலுங்கிலிருந்து கீழ்க் கலுங்கு வரை ஒருநாள் நடக்கட்டும். எந்த இடம் யார் பொறுப்பு என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தின கிராம சபையில் உறுதிமொழி வாசிப்பதோடு அந்தத் தாளையும் வாசிக்கலாம். வாய்க்கால் அந்தத் தாளில் இல்லையென்றால் கரைக்குப் பணம் ஒதுக்கவே வேண்டாம்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. அந்த ரோட்டை அகலப்படுத்த இப்போது அளந்து கல் நட்டிருக்கிறார்கள். பாலத்தையும் அதே உயரத்தில் நீட்டிவிடுவார்கள். அதற்குள் வாய்க்காலின் அடிமட்டம் எவ்வளவு என்று அதிகாரிகளில் யாராவது அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர் ஆயக்கட்டு விவசாயி,
சிவகங்கை மாவட்டம்