கேட்கக் கற்றுக்கொடுத்த என் பியானோ ஆசிரியை

மதிப்பிற்குரிய இதழாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பியானோ கற்பித்துவந்த என் ஆசிரியை சென்ற மாதம் காலமானார். தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை என்பதால் இங்கும் அதைத் தவிர்க்கிறேன்; அவரிடம் படித்தவர்கள் இந்தக் கடிதத்தைக் கண்டால் அடுத்த பத்தியிலேயே யாரென்று அறிந்துகொள்வார்கள். இளமையில் சில ஆண்டுகள் மேடையில் வாசித்தார் என்றாலும், ஒலிப்பதிவு ஒன்றுகூட அவர் விட்டுச்செல்லவில்லை. மேடைக் கலைஞர் மறைந்தால் அவருடைய கச்சேரிகளையும் இசைத்தட்டுகளையும் சொல்லி எழுத முடிகிறது. ஆசிரியர் மறைந்தால் எதைச் சொல்வது என்று தெரியாமலே பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். அவர் எப்படிக் கற்பித்தார் என்பதையாவது பதிவு செய்ய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எட்டு வயதில் முதன்முறையாக அவர் முன் உட்கார்ந்தபோது, வெள்ளைக் கட்டைகளில் மட்டுமே செல்லும் சி மேஜர் என்ற சுரவரிசையை அவர் தொடவே விடவில்லை. கட்டைவிரலை ஈ என்ற வெள்ளைக் கட்டையிலும், நடுவிலுள்ள மூன்று விரல்களை எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப் என்ற கறுப்புக் கட்டைகளிலும், சுண்டுவிரலை பி என்ற வெள்ளைக் கட்டையிலும் வைத்துவிட்டு, கை எவ்வளவு இயல்பாக அமர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். நீளமான விரல்களுக்கு உள்ளே தள்ளி உயர்ந்திருக்கும் கறுப்புக் கட்டைகளும், குட்டையான விரல்களுக்கு வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டைகளும் பொருந்திவிடுகின்றன. சி மேஜர் தாளில் படிப்பதற்குத்தான் எளிது, கைக்கு அதுவே மிகக் கடினம் என்பார். இது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ மேதை ஷோபானின் வழி என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. பாரிஸில் வாழ்ந்த காலத்தில் ஷோபானுக்குப் பெரும்பகுதி வருமானம் பாடம் சொல்லிக்கொடுத்ததில் வந்ததுதான். அவர் பொதுமேடையில் வாசித்தது வாழ்நாள் முழுவதிலும் ஏறத்தாழ முப்பது முறைதான். அதை ஆசிரியை சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிறைவு இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆனால் விரலைவிட அவர் அக்கறை கொண்டது காதின் மீதுதான். குரலிலோ வயலினிலோ ஒரு சுரத்தைத் தொடங்கிய பிறகும் அதை வளர்க்கலாம், இழைக்கலாம், அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லலாம். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்கிறது. அந்தக் கணத்திலிருந்து ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. கட்டையை எப்போது விடுவது என்பதைத் தவிர வாசிப்பவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. அப்படிப்பட்ட கருவியைப் பாட வைக்க வேண்டுமென்றால், முந்தைய சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கேட்டு, அதற்கு இணங்க அடுத்த சுரத்தைத் தட்ட வேண்டும். இதைச் சொல்லால் விளக்குவதற்கு முன் அவர் எங்களைக் கேட்க வைத்தார். இடக்கோடியிலுள்ள ஒரே ஒரு கட்டையை அழுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, ஒலி முற்றிலும் மறைந்ததும் கையைத் தூக்கச் சொல்வார். எட்டு வயதுக் குழந்தைக்கு அது முடிவற்ற நேரம். நாங்கள் எப்போதும் அவசரப்பட்டுக் கையைத் தூக்குவோம். அவர் தலையை அசைத்து, “இன்னும் இருக்கு, கேளு” என்பார். உண்மையிலேயே இன்னும் இருக்கும்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய இன்வென்ஷன்கள் என்ற சிறு பயிற்சி உருப்படிகளை அவர் அளவுக்கு நேசித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. இரண்டு குரல்களுக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு தனித்தனி மெட்டுகளுக்கு 15, மூன்று குரல்களுக்கு 15 எனத் தொகுத்த 1723-ஆம் ஆண்டுப் பிரதியின் முகப்பில், இவை தெளிவாக வாசிக்கவும், எல்லாவற்றிற்கும் மேலாகப் பாடுவதுபோல் வாசிக்கவும் பயில்வதற்கானவை என்று பாக்கே எழுதியிருக்கிறார். இந்த உருப்படிகளில் வலக்கை பாட இடக்கை துணை நிற்பது என்பது கிடையாது, இரண்டும் சமம். அதனால் இடக்கையின் குரலைத் தனியே வாசித்து மனப்பாடம் செய்யாத மாணவருக்கு அவர் இரண்டு கைகளையும் சேர்த்து வாசிக்க அனுமதி தந்ததில்லை. பிறகு ஒரு குரலை வாசித்துக்கொண்டே மற்றொன்றை வாயால் பாட வேண்டும். பதினொரு வயதில் மாணவர் நிகழ்ச்சி ஒன்றில் நடுவே எல்லாம் மறந்து நான் நின்றுவிட்டபோது, முதல் வரிசையிலிருந்த அவர் மெல்ல முணுமுணுத்தது எல்லோரும் அறிந்த மேல்குரலை அல்ல, இடக்கையின் வரியை. நான் தொலைத்தது எதை என்று என்னைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

கண்டிப்பானவர்தான். ஒரு பகுதி சுத்தமாக வரும்வரை, ஒலியை நீடிக்கவைக்கும் பெடலில் கால் வைக்க விடமாட்டார். பிழைகளை அதற்குப் பின்னால் ஒளிக்கிறோம் என்பது அவர் குற்றச்சாட்டு. கிரேடுத் தேர்வுகளுக்கு மாணவர்களை அனுப்பினார், ஆனால் தேர்வுக்கான சில உருப்படிகளை மட்டும் ஆண்டு முழுதும் அரைத்துக்கொண்டிருக்க மறுத்ததால் சில பெற்றோர் வேறிடம் போனார்கள். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு நான்கே பாடல்களைத் தெரிந்துகொண்டு சான்றிதழோடு வளரும் குழந்தை, புதிய தாள் ஒன்றை முன்னால் வைத்தால் திகைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசி ஆண்டுகளில் பக்கவாதத்தால் அவருடைய வலக்கை செயலிழந்தது. பார்க்கப் போனவர்களிடம் அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஒருநாள் எங்களில் மூவரை உட்காரச் சொல்லிவிட்டு, தனி வயலினுக்காக பாக் எழுதிய டி மைனர் ஷாகோன் என்ற நீண்ட உருப்படியை, இடக்கைக்கு மட்டுமாக இசையமைப்பாளர் பிராம்ஸ் அமைத்த வடிவத்தில் வாசித்தார். நான்கே கம்பிகளில் ஓர் உலகத்தை எழுப்பும் வயலின் கலைஞரின் சிரமத்தைத் தாமும் உணர வேண்டும் என்பதற்காக பிராம்ஸ் ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார். 1877-இல் அதை அவர் தம் தோழியும் பியானோ கலைஞருமான கிளாரா ஷூமானுக்கு அனுப்பியபோது, இழுப்பறை ஒன்றைத் திறக்கப்போய்க் கிளாராவின் வலக்கைத் தசைநாரில் சுளுக்கு ஏற்பட்டிருந்தது. மேடையில் பெரும்புகழ் பெற்ற கிளாரா மறு ஆண்டே ஃபிராங்க்ஃபர்ட் இசைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து 1892 வரை கற்பித்தார். இதையெல்லாம் முன்பே வகுப்பில் எங்களுக்குச் சொன்னவர் எங்கள் ஆசிரியைதான். அன்று எதுவும் சொல்லவில்லை. அடித்தளச் சுரங்களைப் பெடலில் தாங்கவைத்து, அதே கையை மேலே கொண்டுபோய், தேயும் ஒலிக்கு இணங்க அடுத்ததைத் தட்டினார். வேகம் குறைவாக இருந்தது, சில இடங்களில் சுரங்கள் விடுபட்டன. முடித்ததும், “பெடல் எதுக்குன்னு இப்போ தெரியுதா?” என்று மட்டும் கேட்டார்.

அவருடைய இசைத்தாள்களைக் குடும்பத்தார் மாணவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். எனக்கு இன்வென்ஷன் புத்தகம் கிடைத்தது. அதில் ஒரே அடியின் மேல் எந்த விரலால் வாசிப்பது என்று காட்டும் விரல் எண்கள் மூன்று விதமாகப் பென்சிலில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மாணவரின் கை அளவுக்காக எழுதப்பட்டது. நடுவிலுள்ள வரிசை என்னுடையது, அது எழுதப்பட்ட நாள்கூட நினைவிருக்கிறது. மற்ற இரண்டும் யாருடையவை என்று தெரியவில்லை. இப்போது என்னிடம் பயிலும் சிறுமிக்கு, மேலே உள்ள வரிசைதான் பொருந்துகிறது.

அவரிடம் படித்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர் குறித்துக்கொடுத்த புத்தகங்கள் உங்கள் வீட்டில் இருக்குமானால், பழையவை என்று கழித்துவிட வேண்டாம். புதிய மாணவருக்குக் கொடுக்கும்போது பென்சில் குறிப்புகளை ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்யவும் வேண்டாம் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவருடைய மாணவி ஒருத்தி